சொந்த ஊர் நீர்

சீனாவின் குவாங்சோ நகரத்தில், முத்து ஆற்றை ஒட்டி ஷாமியன் என்றொரு சிறு தீவு இருக்கிறது. மெதுவாக நடந்தாலும் ஒரு மணி நேரத்துக்குள் சுற்றி வந்துவிடலாம். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் பங்கு போட்டுக்கொண்ட இடம். அவர்கள் கட்டிய கட்டடங்களும் பெருத்த ஆலமரங்களும் இன்றும் நிற்கின்றன. அந்தத் தீவின் ஓரத்தில், ஆற்றைப் பார்த்தபடி 1983-ல் திறக்கப்பட்ட ஹோட்டல் ஒயிட் ஸ்வான். அங்கே ஒரு சிவப்பு சோபா இருந்தது. ஒரே குழுவாக வந்த அமெரிக்கக் குடும்பங்கள் ஊர் திரும்பும் முன் தாங்கள் தத்தெடுத்த குழந்தைகளை அதில் வரிசையாக உட்காரவைத்துப் படம் எடுத்துக்கொள்வார்கள். பட்டுச் சட்டை போட்ட எட்டு, பத்துப் பெண் குழந்தைகள். ஒன்று அழும். ஒன்று பக்கத்துக் குழந்தையின் மேல் சாயும். ஒன்று கேமராவையே வெறித்துப் பார்க்கும். அமெரிக்காவில் எத்தனையோ வீடுகளில் அந்தப் படம் சட்டம் போட்டு வைக்கப்பட்டிருக்கிறது.

1992 முதல் சீனா வெளிநாடுகளுக்குத் தத்துக் கொடுத்த குழந்தைகள் 1,60,000-க்கும் மேல். அவர்களில் பாதிப்பேர் அமெரிக்காவுக்குப் போனார்கள். 1999-லிருந்து 2023 வரை மட்டும் 82,000-க்கும் அதிகம். 2005 உச்ச ஆண்டு, ஏறத்தாழ 7,900 குழந்தைகள். அமெரிக்காவில் குடியேறுவதற்கான விசாவை சீனா முழுவதற்கும் குவாங்சோவிலிருந்த அமெரிக்கத் துணைத் தூதரகம்தான் கொடுத்தது. அதனால் குழந்தை எந்த மாகாணத்தைச் சேர்ந்ததாக இருந்தாலும் இந்த ஊர் வழியாகத்தான் வெளியேற வேண்டியிருந்தது. துணைத் தூதரகமோ நெடுங்காலம் ஒயிட் ஸ்வானுக்கு அடுத்த வாசலில் இருந்தது. தீவின் கடைக்காரர்கள் குழந்தை வண்டிகளை இரவல் கொடுத்தார்கள். துணி வெளுத்துக் கொடுத்தார்கள். நடந்தால் கீச்சிடும் சின்னச் செருப்புகளையும், பெயர் பொறித்த கல் முத்திரைகளையும் விற்றார்கள். ஹோட்டலில் தங்கிய குடும்பங்களுக்கு மேட்டல் நிறுவனம் ஒரு பார்பி பொம்மையை இலவசமாகக் கொடுத்தது. பொன்னிறக் கூந்தல் பார்பியின் இடுப்பில் ஒரு சீனக் குழந்தை.

அந்த ஹோட்டலின் நடுக்கூடத்தில் செயற்கை அருவி ஒன்று உண்டு. மேலே ஒரு சின்ன மண்டபம், கீழே குளம், பாறையில் மூன்று சீன எழுத்துகள்: சொந்த ஊர் நீர். கடல் கடந்து பிழைக்கப்போன சீனர்கள் ஊர் திரும்பி வந்து நிற்கும்போது மனம் நெகிழ வேண்டும் என்று கட்டப்பட்டது அது. பிறந்த ஊரை விட்டுப் போகும் ஆயிரக்கணக்கான குழந்தைகள் புதிய பெற்றோரின் கையில் அதே அருவியின் முன் நின்றார்கள். அவர்களுடைய சொந்த ஊர் எது என்பதை அங்கிருந்த யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்பதைத்தான் இந்தக் கட்டுரை பேச நினைக்கிறது.

தத்துப் பயணத்தைப் பற்றிப் பெற்றோர்கள் எழுதிய நூல்களும் நாட்குறிப்புகளும் ஏராளம். எல்லாவற்றிலும் பயணம் அமெரிக்க விமான நிலையத்தில் தொடங்குகிறது. குழந்தையின் பயணம் அதற்கு வெகு முன்னால் தொடங்கிவிட்டது. அதன் முதல் பாதியை எழுதி வைக்க ஆளில்லை.

அந்த முதல் பாதிக்கு வழி திறந்தவை ஒரு கொள்கையும் ஒரு சட்டமும். 1980-ல் நாடு முழுவதற்குமான ஒரு குழந்தைக் கொள்கை வந்தது. கிராமங்களில் அதன் கெடுபிடி முழுமையாகச் செல்லவில்லை. முதல் குழந்தை பெண்ணாக இருந்தால் இன்னொன்று பெறலாம் என்று 1984-க்குப் பிறகு பல மாகாணங்கள் தளர்த்தின. இரண்டாவதும் பெண் என்றால்? அபராதம், கட்டாயக் கருத்தடை, வீட்டை இடிப்பது. அடுத்தது, 1992 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த தத்தெடுப்புச் சட்டம். 35 வயது நிறைந்த, பிள்ளையில்லாதவர்கள்தான் தத்தெடுக்கலாம் என்றது அது. தங்கள் பிள்ளையை இன்னொரு வீட்டில் ஒளித்து வளர்க்கும் வழியை அடைப்பதுதான் அந்த நிபந்தனையின் நோக்கம். ஆனால் அதே சட்டம்தான் வெளிநாட்டவர் தத்தெடுக்க முறையான கதவையும் திறந்தது.

கே ஆன் ஜான்சன் என்ற அமெரிக்க ஆய்வாளரை இங்கே நினைவுகூர வேண்டும். அவரே சீனாவிலிருந்து ஒரு மகளைத் தத்தெடுத்தவர். சீன ஆய்வாளர்களோடு சேர்ந்து, பிள்ளையைக் கைவிட்ட குடும்பங்களையும் எடுத்து வளர்த்த குடும்பங்களையும் நூற்றுக்கணக்கில் தேடிப்போய்ப் பேசினார். சீனர்களுக்குப் பெண் குழந்தை வேண்டாம், அதனால் வெளிநாட்டவர் காப்பாற்றினார்கள் என்ற எளிய கதை அவர் ஆய்வில் நொறுங்கியது. கைவிடப்பட்டவர்களில் பெரும்பாலோர் ஆரோக்கியமான இரண்டாவது, மூன்றாவது மகள்கள். அவர்களை எடுத்து வளர்க்கக் கிராமங்களில் ஆட்கள் இருந்தார்கள். ஏற்கெனவே மகன் இருந்தவர்கள் மகளுக்காக ஏங்கினார்கள். பிள்ளையில்லாத வீட்டு வாசல் பார்த்து விட்டுவிட்டு, யாராவது எடுக்கும்வரை மறைந்து நின்று பார்த்த தாய்மார்கள் உண்டு. எடுத்தவர்களுக்குச் சட்டம் இடம் தரவில்லை; பல வீடுகளிலிருந்து அதிகாரிகள் குழந்தையைப் பிடுங்கிக் காப்பகத்தில் சேர்த்தார்கள். உள்ளூரில் வளர வேண்டிய குழந்தை வெளிநாட்டுக்குப் போக நேர்ந்தது இப்படித்தான். 2016-ல் வெளிவந்த தம் நூலுக்கு அவர் வைத்த தலைப்பின் பொருள், சீனாவின் ஒளிக்கப்பட்ட குழந்தைகள்.

இனி, எழுதப்பட்ட பாதிக்கு வருவோம்.

தத்தெடுக்க விரும்பிய தம்பதி முதலில் ஒரு கோப்பு தயாரிக்க வேண்டியிருந்தது. பிறப்புச் சான்று, திருமணச் சான்று, வருமானச் சான்று, மருத்துவச் சான்று, போலீஸ் சான்று, சமூகப் பணியாளர் வீட்டுக்கு வந்து எழுதும் அறிக்கை, கைரேகை. ஒவ்வொரு தாளுக்கும் நோட்டரி முத்திரை. நோட்டரிக்கு மாநில அரசின் முத்திரை. அதற்கு மேல் சீனத் தூதரகத்தின் முத்திரை. பெற்றோராகப் போகிறவர்களின் வாழ்க்கையில் சரிபார்க்கப்படாத மூலை கிடையாது. கோப்பு பெய்ஜிங் போய்ச் சேர்ந்த பின் காத்திருப்பு. 2005 வாக்கில் சில மாதங்களாக இருந்தது, அடுத்த ஆண்டில் கோப்பு போட்டவர்களுக்கு ஐந்தாறு ஆண்டுகளாக நீண்டது. ஒருநாள் ஒரு புகைப்படமும் இரண்டு மூன்று தாள்களும் வரும். குழந்தையின் உயரம், எடை, தூங்கும் நேரம், எங்கே கண்டெடுக்கப்பட்டது என்ற ஒரு வரி. குழந்தையின் பங்குக்கு இருந்த தாள் அவ்வளவுதான்.

பயணம் ஏறத்தாழ இரண்டு வாரம். பெய்ஜிங் அல்லது ஹாங்காங்கில் இறங்கி, குழந்தையின் மாகாணத் தலைநகரான சாங்ஷா, நான்சாங், வூஹான், நான்னிங் என்று எங்காவது போவார்கள். இடுப்பில் பணப்பை. அதற்குள் காப்பகத்துக்கு நன்கொடையாகக் கட்டாயம் கொடுக்க வேண்டிய 3,000 டாலர், எல்லாம் மடிப்பு விழாத புது நூறு டாலர் நோட்டு. கசங்கிய நோட்டை வாங்கமாட்டார்கள் என்று வழிகாட்டி முன்பே சொல்லியிருப்பார்.

குழந்தையைக் கையில் கொடுக்கும் இடம் சிவில் விவகார அலுவலகத்தின் ஓர் அறையாகவோ, ஹோட்டலின் வரவேற்புக் கூடமாகவோ இருக்கும். காப்பகத்திலிருந்து வேனில் பல மணி நேரம் பயணம் செய்து வந்த பராமரிப்பாளர்கள் வரிசையாக நிற்பார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு குழந்தை. மூன்று நான்கு அடுக்குத் துணியில் சுற்றிய பொட்டலம்போல, கை மடங்காமல் விறைத்து நீட்டிக்கொண்டிருக்கும். பெயர் கூப்பிடுவார்கள். ஒரு குடும்பம் முன்னால் வரும். குழந்தை கைமாறும். வீடியோக்களில் இந்தக் கணத்தைப் பார்த்தால் பெரும்பாலும் பெரியவர்களின் ஆனந்தக் கண்ணீர்தான் கண்ணில் படும். ஒலியைக் கூட்டிக் கேட்டால் குழந்தைகளின் அலறல் கேட்கும். ஓராண்டாகக் கேட்ட ஊர்ப் பேச்சும், பழகிய கை வாசமும், தெரிந்த முகமும் ஒரே நிமிடத்தில் போய்விடுகின்றன. சில குழந்தைகள் அழுவதே இல்லை. உடம்பைத் தளரவிட்டு எங்கோ பார்த்துக்கொண்டிருக்கும், அல்லது உடனே தூங்கிவிடும். சமர்த்துக் குழந்தை என்று அன்றிரவு நாட்குறிப்பில் எழுதிய பெற்றோர், அது அதிர்ச்சியில் உறைந்துபோன மௌனம் என்பதைப் பல வருடம் கழித்துத்தான் புரிந்துகொண்டார்கள். எனக்கு இந்தப் பயணக் கதைகளில் மிகவும் கனமாகத் தெரிவது அந்த மௌனம்தான்.

முதல் 24 மணி நேரம் ஒத்துப்போகிறதா என்று பார்க்கும் அவகாசம். மறுநாள் கையெழுத்து, கைநாட்டு, குழந்தையின் பாதத்தில் சிவப்பு மை தடவி ஓர் அச்சு. பிறகு நோட்டரி, போலீஸ் அலுவலகம், பாஸ்போர்ட். பாஸ்போர்ட் வர ஒரு வாரம் ஆகும். அந்த வாரம் சும்மா கழியும் வாரம். கோயில், பூங்கா, பட்டுக் கடை. தெருவில் இறங்கினால் முன்பின் தெரியாத பெண்கள் வந்து குழந்தையின் காலைத் தொட்டுப் பார்த்து, இவ்வளவு மெல்லிசாகவா துணி போடுவது என்று கோபித்துக்கொள்வார்கள், இழுத்து மூடிவிடுவார்கள். அவர்களைக் குழந்தைகள் அழைக்கும் சொல் 'ஆயி'. அம்மாவின் உடன்பிறந்தாளைக் குறிக்கும் சொல் அது. நம் சித்தி, பெரியம்மா போல. காப்பகத்துப் பராமரிப்பாளருக்கும் அதே சொல்தான். அந்தத் தெருவோரச் சித்திகளின் கண்டிப்பை எரிச்சலோடு குறித்து வைத்த பெற்றோர் பலர். ஊரை விட்டுப் போகும் பிள்ளைக்கு ஊர் காட்டிய கடைசி உரிமை அது என்றே எனக்குப் படுகிறது.

சிலருக்குக் காப்பகத்தைப் பார்க்க அனுமதி கிடைத்தது. அங்கிருந்து வழிகாட்டி இன்னோர் இடத்துக்கும் அழைத்துப் போவார்: குழந்தை கண்டெடுக்கப்பட்டதாகச் சான்றிதழ் சொல்லும் இடம். காப்பகத்தின் வாசல், ஒரு பாலம், சந்தை முனை, பள்ளிக்கூட மதில். பெற்றோர் படம் எடுத்துக்கொள்வார்கள். கொஞ்சம் மண்ணை எடுத்துக் கைக்குட்டையில் முடிந்துகொண்டவர்களும் உண்டு. கடைசியாகக் குவாங்சோ. மருத்துவப் பரிசோதனை, விசா படம், துணைத் தூதரகத்தில் சத்தியப் பிரமாணம். ஒரு கூடத்தில் எல்லாப் பெற்றோரும் எழுந்து வலது கையை உயர்த்தி, தாங்கள் கொடுத்த விவரங்கள் தமக்குத் தெரிந்தவரை உண்மை என்று உறுதி கூறுவார்கள். 2001 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி, அமெரிக்க விமான நிலையத்தில் குடியேற்ற அதிகாரியைத் தாண்டியதும் குழந்தை அமெரிக்கக் குடிமகள் ஆகிவிடும். முத்திரையிட்ட ஓர் உறையைத் திறக்காமல் கொண்டுபோய் அங்கே கொடுக்க வேண்டும்.

தமக்குத் தெரிந்தவரை உண்மை. அந்தப் பெற்றோர் பொய் சொல்லவில்லை. காப்பகத்தைக் கண்ணால் பார்த்தார்கள், பாலத்தையும் பார்த்தார்கள், பராமரிப்பாளர் அழுததையும் பார்த்தார்கள். பயணம் அவர்களுக்கு ஒரு சாட்சியின் நம்பிக்கையைக் கொடுத்தது. கண்ணால் காண்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று நம் ஊரில் சொல்வதுண்டு. விசாரிக்க அங்கே இடமே வைக்கப்படவில்லை. அவர்கள் விமானம் ஏறும் முன்பே தாள்கள் எழுதி முடிக்கப்பட்டிருந்தன.

பெற்றோர் நேரில் வருவதே ஒரு பாதுகாப்பு என்ற எண்ணம் வெறும் கற்பனையில் பிறந்ததல்ல. தென் கொரியாவை நினைத்துப் பார்க்க வேண்டும். 1955-ல் ஹாரி ஹோல்ட் என்ற அமெரிக்கர் எட்டுக் குழந்தைகளைத் தத்தெடுத்து அழைத்துப் போனதிலிருந்து பெருகிய கொரியத் தத்தெடுப்பில், பெற்றோர் பலர் அந்த நாட்டை மிதித்ததே இல்லை. துணைக்கு வந்த ஆட்களின் பொறுப்பில் குழந்தைகள் விமானத்தில் அனுப்பப்பட்டார்கள். விமான நிலையத்தில் பெயரட்டையைப் பார்த்து வாங்கிக்கொண்டார்கள். 1985-ல் மட்டும் 8,800-க்கும் மேல். உறவுள்ள குழந்தைகளை அநாதை என்று பதிந்தது, ஒரு குழந்தையின் தாளில் இன்னொன்றை அனுப்பியது எல்லாம் நடந்தன என்று 2025 மார்ச்சில் கொரியாவின் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையமே அறிவித்தது.

அதே காலத்தில் இலங்கையில் வேறு முறை. ஐரோப்பியத் தம்பதிகள் நேரில் வந்து தங்கி, நீதிமன்றத்தில் தாயையே பார்த்து, அவர் கையிலிருந்து குழந்தையை வாங்கிக்கொண்டார்கள். அந்தத் தாய்களில் சிலர் பணத்துக்கு வந்து நின்ற வேறு பெண்கள் என்பது 2017-ல் நெதர்லாந்துத் தொலைக்காட்சியின் செம்ப்லா நிகழ்ச்சியில் வெளிவந்தது. இலங்கையிலிருந்து ஐரோப்பாவுக்குப் போன குழந்தைகள் ஏறத்தாழ 11,000. சுவிட்சர்லாந்துக்கு மட்டும் 1973-க்கும் 1997-க்கும் இடையில் 881. தகுந்த நடவடிக்கை எடுக்கத் தவறியதற்கு அந்நாட்டு அரசு 2020-ல் வருத்தம் தெரிவித்தது. நம் சென்னையும் தள்ளி நிற்க முடியாது. குடிசைப் பகுதிகளிலிருந்து கடத்தப்பட்ட குழந்தைகள் பெயர் மாற்றி வெளிநாடுகளுக்குத் தத்துக் கொடுக்கப்பட்டது 2005-ல் அம்பலமாயிற்று. அவர்களை எடுத்த பெற்றோரும் கோப்பைப் படித்து நம்பியவர்கள்தான்.

சீனாவில் மறைந்திருந்த பாதியும் அதே 2005-ல்தான் வெளியே தெரிந்தது. ஹுனான் மாகாணத்தின் ஹெங்யாங் பகுதியில், காப்பகங்கள் குழந்தைகளை விலைக்கு வாங்கியதாகப் போலீஸ் பலரைக் கைது செய்தது. தெற்கே குவாங்டோங்கிலிருந்து குழந்தைகளைச் சேகரித்து, பால்பவுடர் அட்டைப்பெட்டிகளில் வைத்துக் கொண்டுவந்து காப்பகங்களுக்கு விற்றிருக்கிறது ஒரு குடும்பம். கண்டெடுத்த இடம் என்று சான்றிதழில் எழுதப்பட்ட வாசல்கள் கற்பனை. 2006-ல் நீதிமன்றம் பத்துப் பேரைத் தண்டித்தது; ஒரு காப்பகத்தின் இயக்குநரும் அதில் அடக்கம். அங்கே போய்க் கைக்குட்டையில் மண் முடிந்து வந்தவர்களை நினைத்தால் மனம் தாங்கவில்லை.

அதைவிடக் கொடியது லோங்ஹுய். அதே ஹுனானில் ஷாவ்யாங் நகரத்தின் ஆளுகையில் உள்ள ஏழை மலை மாவட்டம். 2000-களின் தொடக்கத்தில் அங்கே குடும்பக் கட்டுப்பாட்டு அதிகாரிகள், அபராதம் கட்ட முடியாத வீடுகளிலிருந்து குழந்தைகளைப் பறித்துக் காப்பகத்தில் சேர்த்தார்கள். காப்பகம் அவர்கள் எல்லோருக்கும் நகரத்தின் பெயரிலிருந்து ஷாவ் என்ற ஒரே குடும்பப் பெயரை வைத்தது. 2011 மே மாதம் சாய்சின் இதழ் இதை விரிவாக வெளியிட்டது. அதற்கு முன்பே, 2009-ல் பார்பரா டெமிக் என்ற செய்தியாளர் அந்தக் கிராமங்களுக்குப் போய்த் தாய்மார்களிடம் பேசியிருந்தார். அப்போது ஒரு தாய், தன் இரட்டைப் பெண்களில் ஒருத்தி 2002-ல் பறிக்கப்பட்டதைச் சொன்னார். அந்தப் பெண் டெக்சாஸில் வளர்ந்துகொண்டிருந்தாள். 2019-ல் அவள் தன் தாயையும் அக்கா தங்கை என்று பிரித்துச் சொல்ல முடியாத தன் மறுபாதியையும் சீனாவில் சந்தித்தாள். 2025-ல் வெளியான டெமிக்கின் நூல் இந்தக் குடும்பத்தின் கதை. அவளை எடுத்து வளர்த்தவர்களிடம் இருந்ததும் முறையான, முத்திரை குத்திய கைவிடப்பட்ட குழந்தைச் சான்றிதழ்தான்.

இங்கே எனக்கு ஒரு தீர்மானமான கருத்து உண்டு. தத்தெடுத்தவர்களின் அன்பை இது ஒரு துளியும் குறைக்காது. ஆனால் அன்பு இருந்ததால் ஆவணம் சரியாகிவிடாது. பெற்றோரின் தகுதியை அறிய முப்பது தாள் கேட்ட ஏற்பாடு, குழந்தையின் பிறப்பை அறிய ஒரு வரியோடு திருப்தியடைந்தது. புது நோட்டு 3,000 டாலரும் கிராமத்தில் குழந்தைக்குத் தரப்பட்ட விலையும் ஒரே கயிற்றின் இரு முனைகள் என்பதைப் பார்க்க மறுத்தது. பணம் கைமாறும் இடத்தில் கடுமையான விசாரணை இருந்திருக்க வேண்டியது காப்பகத்தின் பக்கம்.

இப்போது அந்தக் குழந்தைகள் வளர்ந்துவிட்டார்கள். முதல் அலையில் போனவர்களுக்கு வயது முப்பதைத் தாண்டிவிட்டது. பயணத்தில் பெற்றோர் பழக்கதோஷத்தில் சேர்த்து வைத்த சில்லறைப் பொருள்களுக்குத் திடீரென்று மதிப்பு வந்திருக்கிறது. கைமாறிய அன்று போட்டிருந்த சட்டை, அதன் கழுத்தோரத்தில் இருக்கும் காப்பகத்தின் எண், பராமரிப்பாளர் பின்னணியில் நிற்கும் மங்கலான படம், வழிகாட்டி துண்டுத் தாளில் எழுதிக்கொடுத்த தெருப் பெயர். இவற்றை எடுத்துக்கொண்டு அவர்கள் சீனாவுக்குத் திரும்பப் போகிறார்கள். எச்சில் மாதிரியை அனுப்பி மரபணுச் சோதனை செய்கிறார்கள். சீனாவில் காணாமல்போன பிள்ளைகளைத் தேடும் பெற்றோர்களுக்காகப் போலீஸ் நடத்தும் மரபணுத் தரவகத்தில் பதிகிறார்கள். 2021-ல் வந்த 'ஃபவுண்ட்' ஆவணப்படத்தில், அமெரிக்காவின் வெவ்வேறு ஊர்களில் வளர்ந்த மூன்று பெண்கள் தாங்கள் ரத்த உறவு என்பதைச் சோதனையில் அறிந்து, சேர்ந்து பயணம் போகிறார்கள். கைக்குழந்தையாக இருந்தபோது தன்னைப் பார்த்துக்கொண்ட ஆயியை ஒருத்தி பார்க்கிறாள். கிழவி அவளை அடையாளம் சொல்கிறார். தேடியது தாயை; கிடைத்தது ஆயி. அதற்கே அந்தப் பெண் உடைந்து அழுகிறாள்.

2020-ன் தொடக்கத்தில் கொரோனாவுக்காகச் சீனா இந்தப் பயணங்களை நிறுத்தியது. படம் வந்து, பெயர் வைத்து, அறை தயார் செய்து, டிக்கெட் போட்ட நூற்றுக்கணக்கான குடும்பங்கள் அப்படியே நின்றன. அக்காலத்தில் தத்துக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் இதயக் கோளாறு, பிளவு உதடு, பார்வைக் குறை என்று சிகிச்சை தேவைப்பட்ட வளர்ந்த பிள்ளைகள். தங்களுக்கு ஒரு குடும்பம் வருகிறது என்று காப்பகத்தில் சொல்லப்பட்டவர்கள். நான்கரை வருடம் காத்திருந்த பின், 2024 செப்டம்பர் 5 அன்று, உறவினர் தத்தெடுப்பு தவிர வெளிநாட்டுத் தத்தெடுப்பு இனி இல்லை என்று வெளியுறவுத் துறைப் பேச்சாளர் அறிவித்தார். முறைகேடுகளை அறிந்தவர்களுக்கு இந்த முடிவில் நியாயம் தெரியலாம். காத்திருந்த அந்தப் பிள்ளைகளுக்கு யாரும் பதில் சொல்லவில்லை.

தேடுகிறவர்கள் கடைசியில் வந்து சேரும் ஒரு பொருள் உண்டு: கண்டெடுப்பு விளம்பரம். 1999-ல் வந்த விதிப்படி, தத்துக் கொடுக்கும் முன் செய்தித்தாளில் அறிவிப்புப் போட வேண்டும். 60 நாளுக்குள் பெற்றோர் உரிமை கோராவிட்டால் குழந்தை ஆதரவற்றதாகக் கருதப்படும். மாகாணத் தலைநகரில் அச்சாகும் நாளிதழ்களில், கிராமத்தில் யாரும் படிக்காத பக்கத்தில், கட்டம் கட்டமாகப் பத்து இருபது குழந்தைகள். பெயர், பிறந்த தேதி, கிடந்த இடம், ஒரு படம். எத்தனையோ பேருக்குத் தங்கள் வாழ்க்கையின் ஆகப் பழைய படம் அதுவே. சீனாவிலிருந்து மகள்களைத் தத்தெடுத்த பிரையன் ஸ்டை என்ற அமெரிக்கர் பழைய நாளிதழ்களைத் தேடித் தேடி அந்த விளம்பரங்களைச் சேகரித்தார். வீட்டு ஆல்பத்தில் அந்த இரண்டு வாரத்துக்கு நூற்றுக்கணக்கில் படம் இருக்கும்: அருவி, ஆலமரம், சிவப்பு சோபா. அதற்கு முந்தைய மாதங்களுக்கு மைப்புள்ளி கலைந்த, கட்டைவிரல் நகத்தளவு முகம் ஒன்று. அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்க்கிறார்கள். பின்னால் தெரியும் சுவர் எந்தச் சுவர், போர்த்தியிருக்கும் துணி காப்பகத்துத் துணியா, வீட்டிலிருந்து சுற்றி அனுப்பியதா என்று.